ஒரு விரல் காட்டினால் இரண்டு

12-8-2003, செவ்வாய்

நாலு மாதம் கழித்து இன்று திருவொற்றியூர் யார்டில் மறுபடியும் கிரேனுக்குச் சைகை காட்டினேன்.

வலது மணிக்கட்டு முறிந்ததில் கட்டைவிரலின் தசைநார் அறுந்துபோய், சுட்டுவிரலிலிருந்து ஒன்றை எடுத்துத் தைத்தார்கள். "சுட்டுவிரலைத் தூக்க நினைங்க, கட்டைவிரல் எழும்" என்று ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி தந்த அம்மா தினமும் சொன்னார். போன வாரம் எழுந்தது. கைதட்டினார்.

எங்கள் வேலையில் சுட்டுவிரல் என்றால் சுமையை ஏற்று. கட்டைவிரல் என்றால் கிரேனின் கையையே உயர்த்து. பழக்கத்தில் வலது கையைத்தான் தூக்கினேன். சுட்டுவிரலைத்தான் காட்டினேன். பாழாய்ப்போன கட்டைவிரலும் கூடவே நின்றது. கிரேனின் கை உயர்ந்தது, இரும்புக் கட்டு ஊஞ்சலாய் ஆடி வந்தது. கொக்கி மாட்டிவிட்டு நின்ற சேகர் தரையோடு படுத்துவிட்டான். தலைக்கு மேலே ஒரு முழம்தான் இடைவெளி.

கிரேன் ஓட்டும் பாஷா இறங்கி வந்தான். "இன்னா மாமு, ரெண்டு வெரலும் நிக்குது. நா எத்த பாத்து தூக்குறது?"

சேகர் எழுந்தான். சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டே என் கையை மட்டும் பார்த்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "வேலையில கட்டவெரலு நல்லா தூக்குச்சா?"

"நல்லா தூக்குச்சு" என்றேன்.