அரசி எந்தக் கம்பெனி?

ஜூன் 9, 2012

கோகுல் அண்ணன் ஒருவழியாக வெப்சைட்டைத் திறந்துவிட்டான். அப்பாவின் மோட்டார் ரிப்பேர் கடைக்கு. பெயர் 'ஊற்றரசி டாட் இன்'. ஊற்றரசி என்பது கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் நீர்மூழ்கி மோட்டார். நாங்கள் அதன் ஏஜெண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. "அப்பா பேரைப் போட்டா எவன் தேடுவான்? அரசின்னுதான் தேடுவான்" என்கிறான். உண்மைதான். திண்டிவனத்தில் எந்தக் கம்பெனி மோட்டார் கிணற்றில் இறங்கினாலும் அதற்குப் பெயர் அரசிதான். "உங்க அரசி எந்தக் கம்பெனி?" என்று அப்பாவே கேட்பார்.

ஆனால் அந்தக் கம்பெனியின் முத்திரையையும் அப்படியே எடுத்து மேலே ஒட்டியிருக்கிறான். அது எதற்கு?

ஜூன் 21

ஸ்கூல் விட்டு வந்ததும் கடை போன் என் பொறுப்பு. இன்று துபாயிலிருந்து ஒருவர் பேசினார்! கோட்டக்குப்பத்தில் அவர் அம்மா வீட்டில் தண்ணீர் ஏறவில்லையாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஊற்றரசி சர்வீஸ், வணக்கம்" என்றுதான் எடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தையை விழுங்கிவிடுகிறேன்.

"இது பொய் இல்லியாண்ணா?"

"சர்வீஸ் பண்றோமா இல்லியா? அப்புறம் இன்னா பொய்யி? புக்கா படிச்சிக்கினு பேஜாரு பண்ணாத."

ஜூலை 3

பொய் இல்லை என்று அண்ணன் சொன்னது சரி. இல்லை, சரியில்லை. பள்ளிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன்.

ஜூலை 14

முகையூர் சின்னதுரை என்பவர் கடைக்கே வந்துவிட்டார். போன வாரம் அப்பாதான் அவர் மோட்டாரைப் பிரித்து, எரிந்த கம்பிச் சுருளை எடுத்துப் புதுக் காயில் கட்டினார். வோல்டேஜ் ஏறி மறுபடியும் எரிந்துவிட்டது. அசல் கம்பெனி ஆள் வந்து, வெளியாள் கம்பெனி சீலை உடைத்ததால் வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"கம்பெனியான்னு போன்ல கேட்டேன், ஒரு பொண்ணு ஆமான்னுச்சு. அத்த நம்பித்தான்யா பிரிக்க வுட்டேன். கம்பெனி ஆளே கூலி கேக்குறாரேன்னு குடுக்கவும் குடுத்தேன். மல்லாட்டைச் செடி தண்ணியில்லாம காஞ்சிக்கினு இருக்குது."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெப்சைட்டில் அந்த முத்திரை இருப்பதே இன்றுதான் தெரியும் அவருக்கு. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்ப்பா. நான்தான் ஆமான்னேன்" என்றேன்.

கூலியைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி கட்டித் தர மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கச் சொன்னார். ஆனால் போன வாரண்டியை யார் கட்டித் தருவார்?

ஜூலை 30

கம்பெனி வக்கீலிடமிருந்து நோட்டீஸ். பெயரை உடனே விட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். அண்ணன் சண்டை போடலாம் என்கிறான். போன் வேறு நிற்காமல் அடிக்கிறது. எப்படி எடுப்பது, என்ன சொல்வது?

ஆகஸ்ட் 4

விழுப்புரம் போனோம். வக்கீல் சவுரிராயன் சாரிடம் நானே கேட்டேன்.

"ஊரே எல்லா மோட்டாரையும் அரசின்னுதானே சார் சொல்லுது? அப்போ அது பொதுப் பேர்தானே?"

சிரித்தார். "நல்ல பாயிண்ட்டும்மா. ஆனா ஊர் பேசுறது வேற, நீங்க வாசல்ல மாட்டிக்கினு உக்காந்தது வேற. 'ஊற்றரசி மோட்டார் ரிப்பேர் செய்யப்படும்'னு எழுதுங்க, தப்பில்ல. 'நான்தான் ஊற்றரசி'ன்னு எழுதாதீங்க."

"காசு குடுத்து வாங்கின பேரு சார்" என்றான் அண்ணன்.

"வெப்சைட் முகவரியத்தான் வாங்கின தம்பி. பேரை வாங்கல." பிறகு அப்பாவிடம்: "யாரும் ஏமாறலன்னு சொல்ல முடியுமா?"

"ஏமாந்தாருங்க. முகையூர்ல ஒருத்தரு."

சண்டை அங்கேயே முடிந்தது.

ஆகஸ்ட் 19

பெயரைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. போன் ஊமையாகிவிட்டது. அண்ணன் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறான்.

செப்டம்பர் 2

வெப்சைட்டுக்குப் புதுப் பெயர் தேடினோம். அப்பா பெயரை ஏற்கெனவே கடலூரில் ஒரு மோட்டார் கடை எடுத்துவிட்டது!

"கடைசியில ஒரு எழுத்து சேத்தா நமக்குக் கிடைச்சிரும்."

"அவங்களத் தேடுறவங்க நம்மகிட்ட வந்து நிப்பாங்களேண்ணா."

முறைத்தான். ஆனால் சேர்க்கவில்லை. ஊர்ப் பெயரையும் போட்டு நீளமாக வாங்கினோம்.

அக்டோபர் 11

இந்த வாரத்தின் முதல் போன். செஞ்சிப் பக்கம்.

"ஊற்றரசி எரிஞ்சு போச்சும்மா. நீங்க கம்பெனியா?"

"இல்லீங்க, திண்டிவனம் தேவநாதன் கடை. எப்போ வாங்கினீங்க?"

"சித்திரையிலதான்."

அண்ணன் கையை ஆட்டினான், சொல்லாதே என்று. நான் அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்போ வாரண்டி இருக்குங்க. யாரையும் பிரிக்க வுடாதீங்க. கம்பெனி நம்பர் தர்றேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அப்பா கட்டிக்கொண்டிருந்த காயிலிலிருந்து நிமிராமலே சொன்னார்:

"மெதுவா சொல்லும்மா. அவரு எழுதிக்கணும்ல."