ஒரு தட்டுப் பிந்தி

அன்புள்ள ஜவ்பர் நானா,

உங்களுக்கு என் ஸலாம். மாதா கோயில் ஆர்மோனியக்காரி ஸலாம் சொன்னால் அதற்கென்று ஒரு தனி இராகம் வந்துவிடுகிறது என்று கேலி பண்ணுவீர்கள். இன்றைக்கும் அதே இராகத்தில்தான் சொல்கிறேன். பதில் ஸலாத்தை என் மனதுக்குள் நானே உங்கள் குரலில் சொல்லிக்கொண்டேன்.

உங்கள் பட்டறையில் திரும்பவும் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். இதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அதே இடம்தான். கழற்றிப் போட்ட வள்ள இன்ஜின்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கதிரைகளையும் வாங்குகளையும் வட்டமாகப் போட்டு, வள்ளங்கள் போய்வருகிற களப்பைப் பார்த்த பெரிய கதவைத் திறந்து வைக்கிறோம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் சேர்கிறார்கள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முன் முடித்துவிடுகிறோம். வருகிற யாருக்கும் ஒரு பாட்டு உண்டு, பாடத் தெரியுமா என்று கேட்கக் கூடாது என்ற உங்கள் சட்டமும் அப்படியே இருக்கிறது. போன கிழமை டீசல் கொண்டுவந்த லொறிக்காரர் ஒருவர் உட்கார்ந்து பாடினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நானும் அந்தச் சட்டத்தில் உள்ளே வந்தவள்தானே. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து இந்தக் கரைக்கு வந்த புதிதில், கோயில் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துபோய், திருத்த ஆள் தேடி அலைந்தேன். இன்ஜின் திருத்துகிறவரிடம் கொண்டுபோகச் சொல்லி யாரோ பகிடிக்குச் சொல்ல, நான் நிசமாகவே தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினீர்கள். "காத்துப் போகுதா என்டு வாசிச்சுத்தான் பாக்கணும். சனிக்கிழம வாங்க," என்றீர்கள். அந்த ஒட்டு இன்னும் விடவில்லை. நானும் வருவதை விடவில்லை.

நீங்கள் போன பிறகுதான் கொஞ்சக் காலம் ஒருவரும் வரவில்லை. மனமில்லாமல் அல்ல. பட்டறைக்கும் உங்கள் வீட்டுக் குசினிக்கும் நடுவில் இருப்பது ஒரு கிடுகு வேலிதானே. உங்களைப் பறிகொடுத்த ராத்தா வீட்டுக்குள் இத்தா இருக்கும்போது இந்தப் பக்கம் நாங்கள் பாட்டும் சிரிப்புமாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? இத்தா முடிந்த பிறகும் அந்தக் கூச்சம் விடவில்லை. கடைசியில் ராத்தாவே என்னைச் சந்தையில் கண்டு பிடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, அவர் மவுத்தாப் போனா நீங்களும் எங்களுக்கு இல்லையா? சனிக்கிழம வந்தா வீடு ஊமையாக் கிடக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. தேத்தண்ணி நான் ஊத்துறன்."

அந்தச் சனிக்கிழமையே போனோம். சிலாபத்துப் பக்கமிருந்து மென்டலினோடு பஸ் ஏறி வருகிற நிமல் அய்யா, நீங்கள் இருக்கும் வாங்கைக் கண்டதும் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். நீங்கள் தட்டுகிற றபானைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை. அது உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. தோல் தளரக் கூடாது என்று ராத்தா இடைக்கிடை வெயிலில் வைத்து எடுக்கிறார்.

றபான் இல்லாமல் தாளத்துக்கு என்ன செய்வது? அப்போதுதான் சுரேஷ் வந்து சேர்ந்தான். வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிறவன். தாளத்துக்கென்று ஒரு சின்ன மெஷின் வைத்திருக்கிறான். பொத்தானை அமத்திவிட்டால் அது தன்பாட்டில் தட்டிக்கொண்டே போகும். முந்தாது, பிந்தாது, தேத்தண்ணியும் கேட்காது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது பிடித்துக்கொண்டது.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். இல்லை, உங்களுக்குத் தெரியாது. ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லையே.

நாம் கடைசியாக வாசிக்கிற வலைப் பாட்டு இருக்கிறதல்லவா? தொண்ணூறில் மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது உங்களோடு வந்த பாட்டு. கரைவலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பா. அதற்கு நிமல் அய்யா தன்னுடைய சிங்களப் பைலாத் துள்ளலைக் கொடுத்தார், நான் கோயில் பாட்டிலிருந்து ஒரு வளைவைச் சேர்த்தேன். ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் ஆர்மோனியம் தனியாக ஒரு வரி வாசிக்கும். அது முடிந்த கையோடு உங்கள் றபான் விழ வேண்டும், உடனே எல்லாருமாகப் பாட்டைத் தூக்க வேண்டும். அந்த றபான், நானா, ஒரு நாளாவது நேரத்துக்கு விழுந்ததில்லை. எப்போதும் ஒரு தட்டுப் பிந்தித்தான் விழும்.

இன்ஜின் சத்தத்துக்குள்ளேயே கிடந்து உங்கள் இடது காது போய்விட்டது. நான் இருந்ததோ உங்கள் இடப்பக்கம். என் வரி முடிந்ததா என்று உங்களுக்குக் கேட்காது. அதனால் என் கையைப் பார்ப்பீர்கள். நான் கட்டையிலிருந்து கையைத் தூக்குவதைக் கண்ட பிறகுதான் தட்டுவீர்கள். அந்தப் பார்க்கிற நேரந்தான் பிந்துகிற நேரம். இடத்தை மாற்றி இருங்கள் என்று ஒருமுறை கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

"அங்கால இருந்தா களப்புத் தெரியாது தங்கச்சி. இன்ஜின் நின்டுபோய் எவனாவது துடுப்புப் போட்டுக்கிட்டு வந்தா நான் காண வேணாமா?"

அதனால் நாங்கள் காத்திருந்தோம். கூடிப் பேசி எடுத்த முடிவொன்றும் அல்ல. நீங்கள் தட்டும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். பிறகு வந்து சேர்ந்தவர்கள் பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். கோயிலில் அரைத் தட்டு முந்துகிற பிள்ளைகளை முறைத்தே அடக்குகிறவள் நான். சனிக்கிழமை தோறும் அந்த இடம் வரும்போது அந்த ஒரு தட்டைக் காலால் எண்ணித் தீர்ப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இறங்குதுறையில் மீனவர் சங்கம் புதிதாக ஒரு ஐஸ் அறை கட்டியிருக்கிறது. திறப்பு விழாவில் வாசிக்க நம்மைக் கேட்டார்கள். மேடை, ஒலிபெருக்கி, எல்லாம் உண்டு. வலைப் பாட்டுக் கட்டாயம் வேண்டும் என்றார்கள். பட்டறைக்கு வெளியே நாம் ஒருநாளும் வாசித்ததில்லையே. நீங்கள் இருந்திருந்தால் புதுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு விடியவே போய் நின்றிருப்பீர்கள்.

அதுவரை வலைப் பாட்டை மட்டும் மெஷின் இல்லாமல் வெறுமனே வாசித்து வந்தோம். மேடைக்கு அது காணாது, தாளம் வேண்டும் என்று ஒத்திகையில் அதையும் மெஷினோடு வாசித்துப் பார்த்தோம். முதல் அடி முடிந்தது. நாங்கள் எல்லாரும் வழக்கம்போல நின்றோம். மெஷின் நிற்காமல் தன்பாட்டில் போய்விட்டது. சுரேஷ் அதை நிறுத்தினான்.

"அக்கா, இதில ஏன் ஒரு தட்டுக் கூட நிக்குது? பிழையெல்லோ?"

நிமல் அய்யா தந்தி முறுக்குகிற சாட்டில் குனிந்துகொண்டார். பிறகு சுரேஷைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது ஜவ்பர் வாற இடம், மல்லி."

"அவர் இப்ப இல்லையே அய்யா," என்றான் சுரேஷ். துடுக்காகச் சொல்லவில்லை. விளங்காமல்தான் கேட்டான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாளம், சுருதி என்றால் தீர்ப்பு என்னுடையதுதானே. "பிழைதான்," என்றேன். "எடுத்துவிடுவம்." என்னைக் கோபிக்காதீர்கள். உங்கள் காதுக்காக ஒருவர் பாவம் பார்த்தாலே உங்களுக்குப் பொறுக்காது. போனவரின் பிழைக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைப்பது அதைவிட மோசம் என்று எனக்குப் பட்டது. எடுத்துவிட்டு வாசித்தோம். பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. நான் கேட்க ஆசைப்பட்டிருந்த மாதிரியே போனது. கையைத் தூக்க இடமில்லாததால் என் விரல்கள் கட்டையிலேயே கிடந்தன.

முடிந்ததும் கோப்பைகளைக் கொடுக்கக் குசினிப் பக்கம் போனேன். ராத்தா வாங்கிக்கொண்டார்.

"இன்டைக்குப் பாட்டு நல்லாப் போச்சு தங்கச்சி. ஒரு இடமும் நிக்கல்ல."

"ஓம் ராத்தா. திருத்திப்போட்டம்."

அவர் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். "அந்த நிக்கிற இடம் வந்தா நான் அடுப்புல இருந்து நிமிருவன். இந்தா தட்டப் போறார், இந்தா தட்டப் போறார் என்டு. அவர் போன பொறகும் நீங்க நிப்பீங்கதானே? அப்பவும் நிமிருவன்." கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டுச் சிரித்தார். "அது கிடக்கட்டும். நீங்க பாட்டுப் படிச்ச ஆள். சனத்துக்கு முன்னால சரியா வாசிங்க."

அந்த நிக்கிற இடத்தை எடுக்காதீங்க என்று அவர் கேட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன். எனக்கு வாதாட வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காத ஆளிடம் என்ன சொல்வது நானா?

விழா அன்று உச்சமுனையிலிருந்தும் வள்ளங்களில் சனம் வந்திருந்தது. ராத்தா முன்வரிசையில் பெண்களோடு இருந்தார். என் வலப்பக்கம், நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். மற்றப் பாட்டுகளெல்லாம் நன்றாகப் போயின. கடைசியில் வலைப் பாட்டு. சுரேஷ் பொத்தானை அமத்தினான். மெஷினுக்குச் சரியாகச் சனமும் கை தட்டத் தொடங்கியது.

என் வரியை வாசிக்க வாசிக்க அந்த இடம் கிட்ட வந்தது. நான் மட்டும் நின்று மற்றவர்கள் மெஷினோடு போய்விட்டால், ஊர் முழுக்கப் பார்க்கக் கோயில் ஆர்மோனியக்காரி தாளம் தவறினாள் என்றாகிவிடும். என்னை நம்பி வாசிக்கிற சுரேஷுக்கும் அது மரியாதை அல்ல. எல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டு, தெரிந்தே, கையைத் தூக்கினேன். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஒருவரும் போகவில்லை நானா. நிமல் அய்யாவின் கை தந்திக்கு மேலேயே நின்றது. பாடுகிறவர்கள் வாய் திறக்கவில்லை. கை தட்டிக்கொண்டிருந்த சனமும் நிறுத்திவிட்டது! அவர்களுக்கு யார் சொன்னது? சனிக்கிழமை தோறும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டும் மீன் காய வைத்துக்கொண்டும் கரையெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள். அவர்களுக்கும் பாட்டு அப்படித்தான். மெஷின் மட்டும் தனியாக ஒரு தட்டுத் தட்டியது. அதற்குப் பிறகு மேடையும் சனமுமாகச் சேர்ந்து பாட்டைத் தூக்கினோம், மெஷினுக்கு ஒரு தட்டுப் பிந்தி. சுரேஷ் சுற்றிவரப் பார்த்தான். பிறகு மெஷினை நிறுத்திவிட்டான்.

இரண்டாவது அடி முடிந்தபோது ஒரு சத்தமும் இல்லை. களப்பில் ஏதோ ஒரு வள்ளம் இன்ஜின் இடறி இடறிப் போவது மட்டும் கேட்டது. யாருடைய இன்ஜின் அது? ஒற்றைக் காதால் கேட்டே நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நான் ராத்தாவைப் பார்த்தேன். நிமிர்ந்து இருந்தார். எனக்குக் கண் கலங்கிக் கட்டை தெரியவில்லை. தெரியாமலே வாசித்தேன்.

மேடையை விட்டு இறங்கும்போது சுரேஷ் என் ஆர்மோனியத்தை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தான். "முதலே சொல்லியிருக்கலாமே அக்கா," என்றான்.

"எங்களுக்கே இப்பதான் தெரியும் தம்பி," என்றேன். நிமல் அய்யாவும் ஓம் என்பதுபோல் தலையாட்டினார். தானும் கடைசி நேரத்தில்தான் முடிவெடுத்ததாகவும், மற்றவர்கள் ஏசுவார்கள் என்று பயந்துகொண்டே கையை நிறுத்தியதாகவும் பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னார்.

இப்போது வலைப் பாட்டுக்கு மெஷின் இல்லை. அதைப் போடாமல் விடுவது சுரேஷ்தான், நான் சொல்லி அல்ல. பிழையா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பிழை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பிழை எனக்கு வேண்டும். உங்களை மனம் தேடுகிறது நானா. சனிக்கிழமைகளில் இன்னும் கூடத் தேடுகிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். என் விரல் ஓடும் மட்டும், என் வரி முடிகிற ஒவ்வொரு தரமும் நீங்கள் காணத்தக்கதாகக் கையை நன்றாக உயர்த்துவேன். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்போம். நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஆறுதலாகவே வாருங்கள்.

உங்கள் இடப்பக்கத்தில் இருக்கும் தங்கச்சி,
ரெஜினா