ஐந்திலிருந்து ஏழு வரை உறவினர்

வால்யெவோ,
நவம்பர் 13

அன்பு மகள் துன்யாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் கனடாக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது, நீ சொன்னபடி தினமும் ஆற்றங்கரை வரை நடப்பதால் என் முழங்காலும் பரவாயில்லை. மனசளவில் சுகமா என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எங்களுக்கு ஒதுக்கியிருப்பது இருபது நிமிஷம், அதில் பாதி குரல் கேட்கிறதா முகம் தெரிகிறதா என்பதிலேயே போய்விடுகிறது, மீதிப் பாதியில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் எதிரில் இதைச் சொல்ல முடியாது. எழுதலாம் என்று உட்கார்ந்து இதற்குள் மூன்று தரம் எழுந்துவிட்டேன், ஒரு தரம் அடுப்பைப் பார்க்க, இரண்டு தரம் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் நீ சொல்லிக் கொடுத்த வீட்டு வேலை முறையைக் குறை சொல்ல வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன், நீ படித்தவுடன் முகத்தைத் தூக்கிக்கொள்வாய். போன கோடையில் நீ வந்திருந்தபோது அம்மாவுக்கு எப்போதும் நேரமே இல்லை என்று அழுதாயே, அதற்குப் பிறகு நீ எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். ஞாயிறு காலையில் வாரத்துக்கான சமையலை எழுதி வைக்கிறேன். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதன் இடத்தில் வைக்காமல் விடுவதில்லை. இஸ்திரி செவ்வாய்க்கிழமை மட்டும். மிளகாய் ஊறுகாய் ஜாடி, உப்பு, மாவு, பொத்தான் டப்பா எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியாகிவிட்டது. அப்பாவின் காலுறை அலமாரியில் ஒட்டியதைப் பார்த்து, "அப்படியே என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, புருஷன்னு. தேடாம எடுத்துக்கலாம்" என்றார். கேலி செய்தாலும் காலுறையை இப்போது அவரேதான் எடுத்துக்கொள்கிறார், முப்பத்தெட்டு வருஷத்தில் இது முதல் தடவை. நாளுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் எனக்கு மிச்சம். பொய் சொல்லவில்லை, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன், பிறகு நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்தேன், நன்றாகத்தான் இருந்தது. கை சும்மா இருந்தால்தான் புத்தி சும்மா இராது என்பார்கள், எனக்கு அது சரியாகப் பொருந்திவிட்டது. மிச்சப்பட்ட நேரத்தில் நம் குலத்துப் புனிதரின் திருநாளான ஸ்லாவாவையும் ஒழுங்குபடுத்தலாம் என்று தோன்றியது.

நீயே பார்த்திருக்கிறாய், மித்ரோவ் திருநாள் வந்தால் நம் வீட்டில் காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை கதவைச் சாத்தவே முடியாது. யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது, ஒரு சமயம் மூன்று பேர், ஒரு சமயம் பத்தொன்பது பேர், நாற்காலிக்குப் பக்கத்து வீட்டு ஸகோர்காவிடம் ஓட வேண்டும், சூப்பை ஏழு தரம் சுட வைக்க வேண்டும். வருஷா வருஷம் மறுநாள் நான் படுக்கையில் கிடப்பேன். இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது என்று, நீ போனில் வைத்துக் கொடுத்த குழுவில் முப்பத்துநான்கு பேருக்கும் ஒரே செய்தியாக அனுப்பினேன். சனிக்கிழமை எட்டாம் தேதி எங்கள் வீட்டு ஸ்லாவா, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அக்கம்பக்கத்தார், இரண்டரையிலிருந்து நாலரை வரை தொழிற்சாலை நண்பர்கள், ஐந்திலிருந்து ஏழு வரை உறவினர், நேரம் தவறாமைக்கு நன்றி. அனுப்பிவிட்டு எனக்கே என் சாமர்த்தியத்தைப் பார்த்து ஒரு பெருமை. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நீயும்தான் ஒன்று போட்டிருந்தாய், கூடவே பூ.

துன்யா, நீ ஏழு வருஷமாக அங்கே இருக்கிறாய், மறந்திருப்பாய். இங்கேயே இருக்கும் நான் மறந்தேனே, என்னை எதால் அடிப்பது? ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. தெரிந்தவன் வருவான். அழைத்தால், உனக்கு எங்கள் நாள் நினைவில் இருக்காது, நீ அந்நியன் என்று சொன்ன மாதிரி. என் பாட்டனார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம், எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி தெரியும், ஆனாலும் கட்டம் போட்டு எழுதுகிற மும்முரத்தில் அது அழைப்பு என்பதே எனக்கு உறைக்கவில்லை. நேரம்தானே சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் கோபித்துக்கொண்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் வுகாஷின் மாமா விஷயம்தான் நெஞ்சைப் பிசைகிறது. எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம். பிளம் சாராயம் காய்ச்ச அப்பாவின் செம்புக் கொப்பரையை இரவல் வாங்கிப் போய் அடி கருக்கிக் கொண்டுவந்தான், தீயைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பொறுமையில்லாதவன் ஆம்பிளையா என்று அப்பா நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் நிற்பது வருஷத்தில் ஒரே நாள், நம் ஸ்லாவா அன்றைக்கு. இருட்டுகிற நேரத்துக்கு வருவான், வாசலில் நின்று கோதுமை இனிப்பில் ஒரு கரண்டி எடுத்துச் சிலுவை போட்டுக்கொள்வான், அப்பா சின்னக் கிளாஸில் பிளம் சாராயம் ஊற்றுவார். "உக்காரு" என்பார். "நேரமில்ல" என்பான். பிறகு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அழைக்காமல் வருவதால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை, அழைக்காமல் வந்தவனை வரவேற்பதால் அப்பாவுக்கும் குறைச்சல் இல்லை. யாரும் யாரையும் கூப்பிடாததால்தான் அது நடந்தது. நான் அவனையும் ஐந்திலிருந்து ஏழுக்குள் போட்டேன்.

அன்றைக்கு வந்தவர்கள் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று கேள். சரியாகப் பன்னிரண்டுக்கு வாசலில் வரிசை, ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்கள் மாதிரி. ஸகோர்கா உள்ளே நுழையும்போதே, "மணிய பாத்துக்க தேசாங்கா, நான் லேட் இல்லையே? அபராதம் கிபராதம் உண்டா?" என்றாள். இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது காபி கொண்டுவந்தேன், எல்லோரும் எழுந்துவிட்டார்கள், அடுத்த கோஷ்டிக்கு இடம் விடணுமே என்று சிரித்துக்கொண்டே போனார்கள். தொழிற்சாலைக்காரர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. ஐந்து மணிக்கு அப்பாவின் பெரியம்மா மகளும் அவள் வீட்டுக்காரரும் மட்டும் வந்து ஆறு மணிக்கே கிளம்பினார்கள். பாத்திரம் எல்லாம் கழுவியாகிவிட்டது, சூப்பை ஒரே தரம்தான் சுட வைத்தேன், என் திட்டம் நூற்றுக்கு நூறு பலித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நம் ஸ்லாவாவில் நான் உட்கார்ந்தது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் முதல் முறை, உட்கார்ந்ததும் ஏனோ பயமாக இருந்தது.

அப்பா உட்காரவில்லை. வீட்டுக்காரன் ஸ்லாவாவில் நின்றுகொண்டே உபசரிக்க வேண்டும் என்பது சரி, ஆனால் உபசரிக்க ஆள் இல்லை. வெறும் அறையில் கோட்டுப் பொத்தான் போட்டபடி மேஜை பக்கத்தில் நின்றார். உட்காருங்கள், எல்லோரும் போயாகிவிட்டது என்றேன். "வர வேண்டியவங்க இன்னும் வரல" என்றார். பெயர் சொல்லவில்லை. மேஜையில் ஒரு சின்னக் கிளாஸ் தனியாக வைத்திருந்தார். துன்யா, பதினோரு வருஷமாக அவர் என் முகத்துக்காகத்தான் வுகாஷினைச் சகித்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஒருவரோடு வாழ்ந்தும் இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு அடித்தது, ஏழரை ஆயிற்று, ஸ்லாவா மெழுகுவர்த்தியை வழக்கப்படி ஒயின் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினார்.

குழுச் செய்தி சமாசாரம் அவருக்கு அதுவரை தெரியாது, அவர் போன் பேச மட்டும்தான். மறுநாள் உன்னோடு பேசி முடித்த பிறகு ஸகோர்கா வந்து போட்டுக்கொடுத்தாள். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். மெதுவாகக் கேட்டார், "உன் தம்பிக்குமா அனுப்பிச்ச?" ஆமாம் என்றேன். "கூப்பிடாம இருந்துதான் பதினோரு வருஷம் ஓட்டினோம். அதையும் சுத்தம் பண்ணிட்ட" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பஸ் ஏறி வுகாஷின் வீட்டுக்குப் போனேன். உன் அத்தை போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு மூட்டினால்தான் ஆள் இருப்பதே தெரிகிறது. முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்க தேசாங்கா அம்மா. உங்களுக்கு எத்தன மணிக்கு முறை? எங்கிட்ட பதிவு பண்ணீங்களா?" என்றான். பேசட்டும் என்று விறகுக் குவியல் மேல் உட்கார்ந்தேன். "மச்சான் கூப்பிடலன்னாலும் வருவேன், வரலையா நான்? கூப்பிட்டிருந்தா ஓடியே வந்திருப்பேன். இது ரெண்டும் இல்லையேக்கா, டோக்கன் குடுத்திருக்கீங்க. ஏழு அடிச்சா என்ன பண்ணுவீங்க, நாற்காலிய உருவிடுவீங்களா?" என்று கோடாலியை ஓங்கி ஓங்கிக் கேட்டான். நான் அழுதுவிட்டேன். நான்தான் அனுப்பினேன், அவருக்குத் தெரியவே தெரியாது என்றேன். அவன் கோடாலியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான், "சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன்க்கா. வாட்ச்ச பாத்தேன், நாலு நாப்பது. சீக்கிரம் போயிடுவோமோன்னு தோணுச்சு. எங்கக்கா வீட்டுக்குப் போறதுக்கு நான் மணி பாக்கறேனான்னு வெக்கமா போச்சு, திரும்பிட்டேன்." உள்ளே நாற்காலி முதுகில் அவனுடைய கறுப்புக் கோட்டு அன்றைக்குக் கழற்றிப் போட்டபடியே கிடந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பஸ் ஸ்டாப் வரை வந்தான் என்று மட்டும் சொன்னேன். பேப்பரைப் படித்தார், ஒரே பக்கத்தை. நேற்று காலையில் நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னாலிருந்து, "டிசம்பர் பத்தொம்பது என்ன கிழம?" என்றார். அது நிக்கோலா திருநாள், உன் மாமா வீட்டு ஸ்லாவா. பதினோரு வருஷமாக அன்றைக்கு அவருக்கு இடுப்பு வலி வரும், நான் தனியாகப் போய் வருவேன். வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அதைச் சொன்னால் என் ஆசை வெளிப்பட்டுவிடும் என்று, பார்க்க வேண்டும் என்று சொல்லி அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. முட்டை கருகியதுதான் மிச்சம். "சும்மாதான் கேட்டேன். ஷூவுக்கு அடி தச்சு வாங்கணும், அதுக்குள்ள ஆகுமான்னு பாத்தேன்" என்றார். இன்று காலை ஷூவை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இனிமேல்தான் எனக்குப் பாடு. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, நான் ஒன்றும் செய்யக் கூடாது. அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கக் கை பரபரக்கிறது, எடுத்து வைத்தால் கண்டுகொள்வார். டேய் வுகாஷின், இந்தத் தடவை மீன் ஒன்று கூடுதலாக வாங்கி வை என்று போன் செய்து சொல்ல வாய் துறுதுறுக்கிறது, சொன்னால் அதுவும் ஒரு முன்பதிவு ஆகிவிடும், அவன் கேட்டுக் கூப்பிட்ட மாதிரியும் இவர் கேட்டுப் போன மாதிரியும் ஆகி இரண்டு பேருக்கும் ரோஷம் வந்துவிடும். அவராகப் போக வேண்டும், அவன் எதிர்பார்க்காமல் கதவைத் திறக்க வேண்டும். ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கு நீ எனக்கு எத்தனையோ வழி சொல்லிக் கொடுத்தாய், ஒரு வேலையைத் தொடாமல் இருப்பதற்கு ஏதாவது தெரிந்தால் எழுது. காலையிலிருந்து சீட்டு ஒட்டிய ஜாடியையெல்லாம் மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறேன், செருப்புத் தைப்பவர் ஷூவை என்றைக்குத் தருவார் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

நீயும் எதையும் செய்துவிடாதே. மாமாவுக்கு எழுதாதே, அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை முகத்தில்கூடக் காட்டாதே, உன் போனில் எனக்கு நினைவூட்டல் ஒன்றும் அனுப்பாதே, அது மேஜை மேல் கிடந்து கூவினால் காரியம் கெட்டுவிடும். நன்றாகத் தூங்கு. சூப் குடி. வேலையில் யாராவது அதிகம் பேசினால் நீ குறைவாகப் பேசு. தாய் தகப்பன் ஆசீர்வாதமும் நம் குலத்துப் புனிதரின் துணையும் உன் கூடவே இருக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும்.

ஒன்றே ஒன்று நினைவு வைத்துக்கொள், கேட்டு வாங்குகிறேன். டிசம்பர் பத்தொன்பது, இங்கே சாயங்காலம் ஆறு மணி இருக்கும்போது நம் வீட்டு போனுக்கு ஒரு தரம் அடித்துப் பார், நான் மாமா வீட்டில் இருப்பேன். அப்பா எடுத்தால் இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரி. யாருமே எடுக்காவிட்டால், அடித்துக்கொண்டே இரு கண்ணு, எனக்காகக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிரு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா
தேசாங்கா