கோலெட்டைப் பிடித்த சனிக்கிழமை

மார்ச் 5, செவ்வாய்

மழை. முதியோர் பராமரிப்புக்குக் காலையில் நான்கு வீடு, மாலையில் மூன்று. கிரிம்ஸ்பி காற்றுக்குக் குடை என்ன, கூரையே நிற்காது.

கடைசி வீடு வில்ஃப் ஸ்டெயின்ஃபோர்த். எண்பத்து மூன்று வயது, மீன்பிடிக் கப்பலில் முப்பது வருடம் இருந்தவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் முழுதும் போய்விட்டது. சவரம் செய்துவிட்டேன். "உனக்கு மீன் செதில் சொரண்டறவன் தேவலை, லீன்" என்றார்.

பயிற்சிக் கோப்பில் இன்னும் இரண்டு பாடம் பாக்கி. மே மாதம் தேறிவிட்டால் 'பயிற்சிப் பெண்' என்ற பெயர் போகும். முப்பத்தாறு வயதில் பயிற்சிப் பெண்!

மார்ச் 7, வியாழன்

எழுதித்தான் ஆறவேண்டும்.

வில்ஃபின் முதுகடியில் படுக்கைப் புண். நர்ஸ் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் மேலாளர் ஃபியோனா வருகைப் பதிவேட்டைக் கணினியில் திறந்து வைத்திருந்தாள். மதிய வருகை எல்லாம் கோலெட்டின் பதிவு: 'எழுப்பி நிறுத்தினேன், கிரீம் தடவினேன், தோல் நன்றாக இருக்கிறது.' மாலை வருகை எல்லாம் நான். அப்படியானால் தப்பு யார்மேல் விழும்?

கோலெட் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். எனக்குத் தொழில் காட்டிக்கொடுத்ததே அவள்தான். "சாயங்காலம் அவரை எழுப்பி இம்சை பண்ணாத, நான் மத்தியானமே எல்லாம் பாத்துடறேன்" என்று சொன்னவளும் அவள்தான். அவள் பேச்சைக் கேட்டது என் புத்திகெட்டதனம். அதை ஃபியோனாவிடம் சொன்னேன். உடனே கோலெட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டாத ஃபியோனா, பாவம். இப்பத்தான் கத்துக்குது. பயத்துல என்னமோ உளறுது" என்றாள்.

கையைப் பிடிச்சா! என் கையை!

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று வந்தால் வேலையும் பயிற்சியும் சேர்ந்து போகும்.

மார்ச் 8, வெள்ளி

விடமாட்டேன் அவளை.

மார்ச் 12, செவ்வாய்

வில்ஃபிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். சனிக்கிழமை மதியம் கோலெட் என்ன செய்து தருகிறாள்?

"சனிக்கிழமை அவளுக்கு ஏதும்மா நேரம்? பேத்திக்கு டான்ஸ் கிளாஸாம். மத்த நாள் வருவா, தட்டை வெப்பா, ஓடுவா. போட்டுக்குடுத்துடாத. சிரிச்சுப் பேசற பொண்ணு."

ஆனால் சனிக்கிழமை தவறாமல் அவள் வருகை பதிவாகிறதே! வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் குறியீட்டை ஃபோனில் ஸ்கேன் செய்தால்தான் பதிவாகும். அப்போதுதான் நினைவு வந்தது. அவள் காரில் ஓர் அட்டை செருகியிருக்கும். முகவரிப் பட்டியல் என்று நினைத்திருந்தேன். எல்லா வீட்டுக் குறியீட்டையும் படமெடுத்து அதில் ஒட்டி வைத்திருக்கிறாள், கள்ளி!

இப்போதே போய்ச் சொல்லலாம். சொன்னால்? 'பயத்துல உளறுது.' கையில் ஆதாரம் வேண்டும். சனிக்கிழமை எனக்கு விடுமுறை.

மார்ச் 16, சனி

பன்னிரண்டு இருபதுக்கே வில்ஃப் வீட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டரைக்கு, கோலெட் வரவேண்டிய நேரத்தில், வாசலைப் படமெடுத்தேன். வரக்கூடாது, வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். முக்காலுக்கு ஒரு படம். ஒரு மணிக்கு ஒரு படம். என் ஃபோனில் பதிவேட்டைப் பார்த்தால், கோலெட்டின் பதிவு வந்துவிட்டது: 'சாப்பாடு கொடுத்தேன், எழுப்பி நிறுத்தினேன், மகிழ்ச்சியாக இருக்கிறார்.' எழுந்து கூத்தாடலாம் போல் இருந்தது.

அப்போதே உள்ளே போயிருக்கலாம். 'கொஞ்சம் தாமதமாக வந்தேன்' என்று அவள் தப்பிவிட்டால்? இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று உட்கார்ந்தேன். ஜன்னலில் ஏதோ அசைந்தது. திரைச்சீலை என்று நினைத்தேன். நினைத்தேனா?

ஒன்று முப்பத்தைந்துக்குக் கடைசிப் படம். கதவைத் திறந்தேன். வில்ஃப் நாற்காலியடியில் கிடந்தார். கால்சட்டை நனைந்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது — அவருக்கு வேலை செய்யும் ஒரே கை.

"பஸ் ஸ்டாப்புல உன்னைப் பாத்தேன், லீன். கை காட்டினேன். நீ பாக்கல. சரி, கண்ணாடிய தட்டலாம்னு எந்திரிச்சேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

ஒன்று முப்பத்தைந்து படத்தை மட்டும் ஃபியோனாவிடம் காட்டினேன். பக்கத்தில் கோலெட்டின் பொய்ப் பதிவு. வில்ஃபின் சாப்பாடு ஃபிரிட்ஜில் தொடாமல் இருந்ததையும் சொன்னேன். அது போதும்.

கோலெட் முகத்தில் ரத்தமே இல்லை. "என்னை வேவு பாத்தியா நீ?"

"ஆமா" என்றேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டாதீங்க ஃபியோனா, பாவம். பயத்துல இருக்காங்க" என்றேன். பத்து நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை. பிசகாமல் வந்தது.

"நல்லவேளை, நீ அந்த நேரத்துக்குப் போனியே" என்றாள் ஃபியோனா. தலையாட்டினேன்.

ஏப்ரல் 3, புதன்

கோலெட் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். இனி இந்த ஊரில் யாரும் அவளை இந்த வேலைக்கு எடுக்கமாட்டார்கள். என் எச்சரிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

இன்று அவளைச் சூப்பர்மார்க்கெட்டில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கும்வரை ரொட்டி அலமாரி அருகே நின்றேன். பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

வில்ஃபை முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு கையும் உதவாமல் வீட்டில் எப்படி இருப்பார்? ஃபியோனா அவரைப் போய் விசாரித்திருக்கிறாள். "லீன் வரலைன்னா நான் செத்திருப்பேன்" என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

ஏப்ரல் 20, சனி

பஸ் ஸ்டாப் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மே 7, செவ்வாய்

இறுதித் தேர்வு. தேர்வாளர் ஆட்ரி அன்பானவர். "உன் பொறுப்புல இருந்த ஒருத்தரை நீ காப்பாத்தின சம்பவம் ஒண்ணு சொல்லு. ஃபியோனா அந்தச் சனிக்கிழமையப் பத்தி நல்லா எழுதியிருக்காங்களே" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. ஃபோனை எடுத்து நான்கு படத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

"நேரத்தைப் பாருங்க."

பார்த்தார். தேர்வுக்காக ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவை நிறுத்தினார். "இதை நான் மேல சொல்லியாகணும், லீன். தெரியும்ல?"

"தெரியும்."

மதியமே ஃபியோனா கூப்பிட்டுச் சீருடையையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டாள். விசாரணை இருக்கிறது. என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு பஸ் மாறி வில்ஃபைப் பார்க்கப் போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. முன்னால் சூப் வைத்திருந்தார்கள்.

"அன்னைக்கு ஜன்னல்ல நீங்க கை காட்டினதை நான் பாத்தேன், வில்ஃப்."

"தெரியும்மா. பாத்துட்டுத்தானே தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே."

ஸ்பூனை எடுத்தேன். "ஊட்டட்டுமா?"

"வேண்டாம்மா. இங்க இருக்கிற பொண்ணு வந்துடுவா."

ஸ்பூனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வர இருபது நிமிடம் ஆயிற்று. சூப் ஆறிப்போயிருந்தது. அவள் கையால் சாப்பிட்டார்.