ஊழி ஏன் சிரிக்கவில்லை

இன்று காலை திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு சிறுமி, மடியில் புதுப் புத்தகப் பை. பையில் கார்ட்டூன் வில்லி ஊழியின் முகம். யாரோ அவசரமாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள். ஊதாவாக இருக்க வேண்டிய கண்கள் பச்சையாக இருந்தன, கழுத்து கோணியிருந்தது. இருந்தாலும் அது நம் ஊழிதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அந்தப் பையைப் பார்த்துப் பார்த்து அலுத்துக்கொண்டாள்.

"அந்த மூணு புள்ளைங்க படம் போட்ட பையும் கடையில இருந்துச்சுல்ல. இந்த வில்லி மூஞ்சிதான் ஒனக்குப் புடிச்சுச்சா?"

"அவங்க ஊர்ல தண்ணி இல்லம்மா," என்றாள் சிறுமி. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. உன்னிடம் உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது, கைப்பேசியைக்கூட எடுத்துவிட்டேன். இப்போது அந்த எண்ணில் பேசுவது உன் ஆத்தா என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

உன் குரலை நான் முதலில் கேட்டது கல்லூரியில், பௌதிக வகுப்பின் முதல் நாளில். கரும்பலகை பக்கம் திரும்பி நின்று வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த மேடம், நீ "உள்ளேன்" என்றதும் சட்டென்று திரும்பி, "யாரது, வெளி ஆளா?" என்றார். பெண்கள் கல்லூரியில் ஓர் ஆணின் குரல். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் மறுநாளிலிருந்து உன் பெயர் வரும்போது கையை மட்டும் தூக்கினாய். மூன்று வருடமும் அப்படித்தான் போனது.

உங்கள் வீட்டிலும் அதுதான் பேச்சு. திருவரங்குளத்தில் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். காப்பித் தட்டை உன் கையில் கொடுத்துவிட்டு உன் ஆத்தா கெஞ்சினார்: "ஏதாச்சும் கேட்டாகன்னா தலையை மட்டும் ஆட்டு. வாயத் தொறந்துராத." வந்தவர்கள் பெயரைக் கேட்டார்கள். பெயரைத் தலையாட்டிச் சொல்ல முடியாதே. நீ சொன்னாய். காப்பி ஆறும்வரைகூட அவர்கள் இருக்கவில்லை. அடுப்படிக்குள் வந்து, "எம்பேரு அவுகளுக்குப் புடிக்கல போல," என்றாய். எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறகு நீ ஆலங்குடி ரோட்டில் ஒரு ஆழ்துளைக் கிணறு லாரிக்காரரின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாய். போன் எடுப்பது, எந்த ஊருக்கு எந்த லாரி போகும் என்று சொல்வது. எதிர்முனையில் பேசும் விவசாயிகள் உன்னை "சார்" என்றார்கள், "தம்பி" என்றார்கள். நீ திருத்தவில்லை. "தண்ணி வராதவுக பேசுறப்ப நான் ஆம்பளையா பொம்பளையான்னா பாத்துக்கிட்டு இருக்க முடியும்?" என்று கேட்டாய்.

அந்த நாட்களில்தான் எனக்கு அந்தத் தொடர் கிடைத்தது. கல்யாணமாகித் திருக்கோகர்ணத்தில் மாடி வீட்டில் குடியிருந்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு வசனம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். கார்ட்டூன் தொடர். எங்கோ ஒரு வருங்காலம். கோள் கோளாகப் போய்க் கடல்களை உறிஞ்சித் தன் விண்கலத்துக்குள் அடைத்துக்கொள்ளும் ஒருத்தி. அவளைத் துரத்திப் போகும் மூன்று பிள்ளைகள். அவள் பெயர் ஊழி. அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த கதை. அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படம் வரைகிறவர்களுக்கு வசனத்தின் நீளம் தெரிய வேண்டும் என்பதற்காக முதலில் யாராவது சும்மா பேசி அனுப்புவது வழக்கம். அதற்குப் பிறகு சினிமாக் குரல்காரர்கள் வந்து பேசுவார்கள். அந்தச் சும்மா பேச்சுக்கு நான் உன்னைக் கூப்பிட்டேன். ஆட்டோச் சத்தமும் கோயில் மணியும் உள்ளே வராமல் இருக்க ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். உள்ளே வெந்தோம். நீ காகிதத்தை எடுத்துப் படித்தாய். நான் எழுதியிருந்த முதல் வரி ஒரு பெரிய சிரிப்பு. "ஹா ஹா ஹா! உங்கள் கடல் இனி என்னுடையது!"

நீ காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாய்.

"எதுக்குடி சிரிக்கிறா?"

"வில்லிடி. சிரிப்பா."

"கடலையே தூக்கிட்டுப் போறான்னா அவளுக்கு எம்புட்டுத் தாகம் இருக்கணும். அப்படிப்பட்டவ சிரிப்பாளா?"

அதன் பிறகு நீ உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். அதற்கு முன் எத்தனையோ பேசியிருக்கிறோம், அதை மட்டும் நீ சொன்னதில்லை. உங்கள் வயலில் ஆழ்துளைக் கிணறு போட்ட நாள். லாரி வந்து இறங்கியது, குழாய் குழாயாக உள்ளே போனது, மேலே வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதி. புழுதி படிந்து அப்பாவின் மீசை நரைத்ததுபோல ஆகிவிட்டது. அவர் யாரையும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாதவர். அன்று சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து வயலுக்குப் போகிற வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் தன் நாற்றங்காலுக்குத் திருப்பிவிட்டார். வயல்காரர் ஓடி வந்து வரப்பில் நின்று கத்தினார். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு அந்த மாமாவுக்கு எங்கப்பா வில்லன்தான்டி. அவரு கத்துனதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா எங்கப்பா மூஞ்சிய நான் பாத்தேன்ல. அதுல கெட்டதனமே இல்ல. பயம்தான் இருந்துச்சு."

காகிதத்தை மறுபடி எடுத்தாய். சிரிப்பை விட்டுவிட்டாய். உன் அடிக்குரலில், யாரையும் மிரட்டாமல், கடன் கேட்கிறவளைப் போலக் கூச்சத்தோடு சொன்னாய்: "கோவப்படாதீங்க. எனக்கு இந்தக் கடல் வேணும்."

அந்தப் பதிவைச் சென்னைக்கு அனுப்பினேன். மறுநாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "யாருங்க அவங்க? சும்மா பேசுனது போதும், நிஜமாவே அவங்களே பேசட்டும்." படம் வரைகிறவர்கள் ஊழியை அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தார்கள். கோரைப் பல் போயிற்று, கொம்பு போயிற்று. தோள் சற்றே கூனியது. கண்ணுக்குக் கீழே தூங்காதவளின் கறுப்பு வந்தது. வெள்ளைப் புழுதி படிந்த ஒரு புருவமும் வந்தது, அது நான் சொல்லி வந்தது.

தொடர் ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் ஊழிக்குப் பயந்தார்கள், அதே சமயம் ஊழி எப்போது வருவாள் என்றும் காத்திருந்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடைசிப் பகுதியின் கதை சேனலிலிருந்து வந்தது. ஊழியின் விண்கலம் வெடித்துச் சிதறுகிறது. அவள் அலறுகிறாள். மூன்று பிள்ளைகளும் கை தட்டிக் குதிக்கிறார்கள். முடிந்தது.

நீ போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய்: "அந்த அலறல நான் பேச மாட்டேன்."

வேறு யாரையாவது வைத்துப் பேசிவிடுவார்கள் என்றேன். "அப்ப நேர்ல போயி கேப்போம். நாளைக்கு லீவு சொல்லிட்டு வாரேன்," என்றாய். திருச்சி போய், அங்கிருந்து பஸ் மாறிச் சென்னை போனோம். வழி முழுக்க நீ பேசவே இல்லை; குரலைச் சேர்த்து வைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

சேனலின் தலைமைப் பொறுப்பில் இருந்த அம்மாள் நம்மை மரியாதையாகவே நடத்தினார். "உங்க குரல் பிரமாதம். ஆனா சின்னக் குழந்தைங்க பாக்குறது. கெட்டவங்க தோக்கணும். இல்லேன்னா குழப்பம் ஆயிடும்," என்றார்.

"தோக்கட்டும் மேடம். அவ செஞ்சது தப்புதான், தோத்துதான் ஆகணும்," என்றாய். "சாக வேணாம்னு மட்டும்தான் கேக்குறேன். ஒரே ஒரு தடவை பேசிக் காட்டட்டுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் எழுந்து நின்றுவிட்டாய். நாம் இருவரும் மாடியில் உட்கார்ந்து எழுதிய முடிவு அது. பிள்ளைகள் விண்கலத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள். ஊழி கடலை அடைத்து வைத்திருக்கும் மடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூத்தவள் ஆயுதத்தைத் தூக்குகிறாள், ஆனால் சுடவில்லை. கேட்கிறாள்: "உங்க ஊர்ல கடைசியா எப்ப மழை பேஞ்சுச்சு?"

அந்தக் கேள்வியை நீ சின்னப் பெண்ணின் குரலில் கேட்டுவிட்டு நிறுத்தினாய். பிறகு ஊழியாக ஆனாய். வாயைத் திறந்து மூடினாய். எழுதியிருந்த வசனத்தை விட்டுவிட்டு, நம் ஊர்ப் பேச்சில் சொன்னாய். "ஞாபகமில்ல தாயி. எம்மக பொறந்த அன்னைக்குத் தூறுச்சு. அவ மழைய நனைஞ்சதே இல்ல. நான் எடுத்துட்டு வந்துருவேன்னு சொல்லிட்டுக் கெளம்புனேன். எடுக்க எடுக்கப் போதலை." உன் கை இல்லாத ஒரு மடையைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாக அதைத் திறந்தது. "ஒங்க ஊருக் கடல நீங்க எடுத்துக்கங்க. எங்க ஊருக்கு ஒரு கொடம் மட்டும் குடுப்பியளா?"

அந்த அம்மாள் மேஜையின் மேல் குனிந்து, "அப்புறம்? குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"அதை நீங்கதான் மேடம் சொல்லணும்," என்றாய். அவர் சிரித்துவிட்டார்.

ஆனாலும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். முடிவை முதலில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவர்களுக்குக் குழப்பம் என்றால் வெடிப்புதான். "எங்க மாவட்டத்துலயே போடுங்க," என்று நீ கேட்டாய். அப்படித்தான் ஆவுடையார்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில், சுவரில் திரையாக ஒரு வேட்டி கட்டி, பகலில் கதவையெல்லாம் அடைத்துவிட்டுப் படத்தைப் போட்டார்கள். நீயும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

மடை திறந்தது. தண்ணீர் வேட்டியை நிறைத்துக்கொண்டு பாய்ந்தது. முன் வரிசையில் யாரோ "தண்ணி வந்துருச்சு" என்று எழுந்து நிற்க, அவ்வளவு பேரும் எழுந்துவிட்டார்கள். கண்மாய் நிறைந்த அன்று கரையில் நின்று கத்துவார்களே, அந்தச் சத்தம். பெஞ்சைத் தட்டினார்கள். வாத்தியார்கள் அடக்கிப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

சேனல் அம்மாள் முன்னால் போய்க் கேட்டார்: "ஊழி நல்லவங்களா, கெட்டவங்களா?"

ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பிள்ளை எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "திருடுனது தப்பு டீச்சர். ஆனா திருப்பிக் குடுத்துட்டாங்கள்ல. அதுக்கப்புறமும் எதுக்கு டீச்சர் அடிக்கணும்?"

அந்த அம்மாள் திரும்பி நம்மைப் பார்த்தார். தலையை ஒரு முறை அசைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தலைமையாசிரியை உன்னைக் காட்டி, "இந்த அக்காதான் ஊழி," என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. பேசச் சொன்னார்கள். வகுப்பில் கையை மட்டும் தூக்கியவள், காப்பித் தட்டோடு தலையாட்டச் சொல்லப்பட்டவள், அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்து நின்று, முழுக் குரலில், "எல்லாருக்கும் வணக்கம்ங்க," என்றாய். அடுத்த நொடி உன்னைச் சுற்றி இடமில்லை. பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையெல்லாம் பிள்ளைகளின் கைப் புழுதி. "நான் வாயத் தொறந்தா பயந்துருவாகன்னு நெனச்சேன். இதுக என்னைய வீட்டுக்கு வான்னு கூப்புடுதுக," என்றாய். ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாய். கண்டக்டர் உன்னை "சார்" என்று கூப்பிட்டார். "மேடம்னு சொல்லுங்க," என்று முதல் முறையாக நீ திருத்தியதை நான் கேட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். உன்னைக் கொண்டுபோன அன்று திருவரங்குளம் தெருவில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். உன் ஆத்தா அழுகையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "எம்மக கொரலுக்குத்தான் இம்புட்டுக் கூட்டம்." இப்போதும் தொலைக்காட்சியில் நீ பேசும்போது சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். தெரு முனை வரை கேட்கிறதாம்.

எனக்கு என்ன மிச்சம் என்று கேட்பாய். சொல்கிறேன். போன கோடையில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் யாருக்கும் ஏறவில்லை. கடைசி வீட்டுக்காரர்கள் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று தெரிந்துபோனது. பெண்கள் எல்லோரும் திரண்டு அவர்கள் வாசல் கேட்டுக்குப் போனோம். இணைப்பை வெட்டிவிடலாம் என்றார்கள், போலீஸ் என்றார்கள். அந்த வீட்டுப் பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு, எதற்கும் தயாராக, தாடை இறுகி நின்றாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். கூட்டத்தை விலக்கி முன்னால் போய்க் கேட்டேன்:

"ஒங்க வீட்டுல என்னங்க ஆச்சு?"

கோபமாக எதையோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தொட்டி விரிசல் விட்டுவிட்டதாம். மாமனார் படுத்த படுக்கை. தினமும் விரிப்பு அலசியாக வேண்டும். கேட்டால் தர மாட்டோம் என்று நினைத்துக்கொண்டாளாம்.

அன்று சாயங்காலமே மோட்டாரைக் கழற்றினார்கள். தொட்டி சரியாகும்வரை பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். தெருவில் இரண்டு பேர் இன்னும் அவளைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்கிறார்கள்; அதுவும் இருக்கத்தான் செய்யும். ஆனால் மோட்டார் நின்ற அந்தப் பொழுதில் எங்கள் வீட்டுக் குழாய் முதலில் காற்றைக் கக்கி, இருமி, பிறகு கையைத் தள்ளுகிற வேகத்தில் தண்ணீரைக் கொட்டியது. நான் குடத்தைக்கூட வைக்கவில்லை. இரண்டு கையையும் அதன் அடியில் நீட்டியபடி, நனைந்துகொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.