ஒரே கல்லுக்கு இரண்டு கேமரா

திருவட்டாறு,
பிப்ரவரி 9.

அன்புள்ள மகன் அனில்குமாருக்கு,

அம்மா எழுதுவது. நான் விழவில்லை.

சுஜி உனக்குப் போன் செய்து சொன்னது எனக்குத் தெரியும். சொன்ன கையோடு என்னிடமும் வந்து சொல்லிவிட்டாள். அவளுடைய பெரியம்மையாகிய நான் கல்லறைத் தோட்டத்தில் மயங்கி விழுந்து கிடந்தேன், ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது அவள் கதை. உன் சித்தப்பா மகள் என்பதற்காக அவள் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. நான் படுத்தேன். யோசித்து, பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்தேன். வேலை முடிந்ததும் நானே எழுந்தேன். எழுந்திருக்க நேரமானது உண்மைதான். எழுபத்தேழு வயதில் எல்லாவற்றுக்கும் நேரமாகும். வாசலில் ஆட்டோவோடு காத்திருந்த பொன்னுலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ, ஓடி வாங்கடே! எக்ஸ்ரே அம்மச்சி விழுந்து கெடக்காவ!" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். நான் படுத்தபடியே, "சத்தம் போடாதடே, கை ஆடுது" என்றேன். அதை வைத்துத்தான் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

ஏன் படுத்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் தாவிப் படிக்காதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இனி இடம் இல்லை. மூன்று பக்கமும் அடுத்தவர்களுடைய ரப்பர், நான்காவது பக்கம் ரோடு. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலர் மத்தியாஸ் ஓர் அறிக்கை வாசித்தார். இருபது வருடம் கடந்த கல்லறைகளின் கல்லில் சிவப்புப் பெயின்டில் எண் போடப்படும். வாரிசு எழுதிக் கையெழுத்திட்டுச் சம்மதம் தந்தால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடப்படும். வட்டம் போட்ட கல்லறைகளை ஈஸ்டர் கழிந்த வாரத்தில் திறந்து, எலும்புகளை எடுத்து, மூலையில் வெட்டியிருக்கும் பொதுக்குழியில் வைத்து ஜெபம் செய்துவிட்டு, இடத்தை இனி வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். சம்மதம் வராத கல்லறையைத் தொடமாட்டார்கள். புருஷனோ மனைவியோ மிச்சம் இருந்தால், காலம் வரும்போது அதே குழியில் வைக்கலாம். அறிக்கையில் நான் குறை சொல்லமாட்டேன். இடம் இல்லாதவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

அன்றைக்கே மத்தியாஸிடம் போய், எங்கள் வீட்டிலிருந்து சம்மதம் வராது, எண்ணை மட்டும் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவின் கல்லில் இடது பாதியில்தான் எழுத்து இருக்கிறது. வலது பாதி வெறுமையாக இருக்கிறது. 2003இல் கல் வெட்டியவர் அந்த இடத்தில் ஒரு பூங்கொத்து போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அங்கே என் பெயர் வரவேண்டும் என்று சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஜனவரி ஆறாம் தேதி உன் போன் வந்தது. "அம்மா, அப்பா கல்லறைய நல்லா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எழுத்து தெளிவா இருக்கணும்" என்றாய். கனடாவுக்குப் போன இந்தப் பதினாறு வருடத்தில் அப்பாவைப் பற்றி நீயாகக் கேட்ட முதல் விஷயம் அது. எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளைக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது என்று பால்காரியிடம்கூடச் சொன்னேன்.

சுஜி உடனே செல்போனோடு போய் ஒரு படம் எடுத்து வந்தாள். கல்லின் குறுக்கே அவள் நிழல். எழுத்தெல்லாம் தேய்த்துக் கழுவின மாதிரி வழவழவென்று இருந்தது. இதை அனுப்பாதே என்றேன். "பெரியம்மைக்கு வேற சோலி இல்லியா? அண்ணன் ஒரு படம் கேட்டாரு, அதுக்கு இம்புட்டுப் பாடா?" என்றாள். மிஷன் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் முப்பத்தொரு வருடம் நின்றவளிடம் அவள் படத்தைப் பற்றிப் பேசுகிறாள். மங்கலான படத்தை நான் எந்த டாக்டரின் மேசைக்கும் அனுப்பியதில்லை. சொந்த மகனுக்கு அனுப்புவேனா?

ஆகவே மார்த்தாண்டம் போனேன். மேம்பாலத்துக்குக் கீழே ஷாஜன் என்றொருவன் பழைய கேமராக்களைச் சரிசெய்து விற்கிறான். ஏழு வயதில் கொல்லாமரத்திலிருந்து விழுந்து முழங்கையை ஒடித்துக்கொண்டு வந்தவன். அந்தக் கையைப் படம் எடுத்தது நான். "என்னத்துக்கு அம்மச்சி கேமரா? ரீல்ஸ் போடவா?" என்று சிரித்தான். காலேஜ் பெண்பிள்ளைகள் இப்போது செல்போனை விட்டுவிட்டு இந்தச் சின்ன டிஜிட்டல் கேமராக்களைத்தான் தேடி வருகிறார்களாம். "கல்லுல வெட்டின எழுத்த எடுக்கணும்டே. எனக்க வீட்டுக்காரருக்க கல்லு" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய் இரண்டை எடுத்து வந்தான்.

ஒன்று வெள்ளி நிறம். கைக்கு அடக்கமான புதிய ஏற்பாட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். இருபது மெகாபிக்சல், எட்டு மடங்கு ஜூம். மற்றது கறுப்பு, அதைவிடப் பழையது, கனம் கூடியது. பன்னிரண்டு மெகாபிக்சல், நான்கு மடங்கு ஜூம்தான். பேட்டரி மூடியின் கொக்கி ஒடிந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். ஆனால் முன்னால் இருக்கிற கண்ணாடி வெள்ளியினுடையதைப் போல் இரண்டு மடங்கு. கிட்டே போய் எடுப்பதற்குப் பூப் படம் போட்ட பொத்தான் ஒன்றும் இருந்தது. இருபதுதானே பெரிது, அதையே வாங்கிவிடலாமே என்று சுஜி போனில் சொன்னாள். படம் பெரிதானால் முறிவு தெரிந்துவிடும் என்றால் எங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலையே இருந்திருக்காது.

நான் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு ஷாஜன் சொன்னான்: "ரெண்டையும் கொண்டு போங்க அம்மச்சி. எடுத்துப் பாத்துட்டு ஒண்ண வச்சிட்டு மத்தத தாங்க. நீங்க எடுத்த படத்தாலதானே எனக்க கை நேராச்சு." ஊரில் சிலர் நான் இரண்டு கேமரா வாங்கியதாகச் சொல்வது இதனால்தான். அதுவும் தவறு.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தேன். அந்த நேரத்தில் வெயில் சாய்வாக விழும். வெட்டிய எழுத்துக்குள் நிழல் நிற்கும். ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் முதலில் வெள்ளி, பிறகு கறுப்பு; ஒரே தூரம், ஒரே வெளிச்சம். இருபத்துமூன்று மழைக்காலத்தில் மண் சரிந்து சரிந்து கல்லின் கடைசி வரி தரையோடு ஒட்டிவிட்டது. 'இவரது மனைவி' என்று இடது பாதியில் தொடங்கி முடிக்காமல் விட்டிருக்கும் வரி அதுதான். அதை எடுப்பதற்குத்தான் படுத்தேன். வெள்ளி நிறக் கேமரா, பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறது. அதற்குள் என் கை ஆடிவிடுகிறது. நோயாளிகளிடம் சொன்னதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: மூச்சை இழுத்துப் பிடி. கல்லின் ஓரத்தில், புல்லுக்குள், ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. என் இடது கண்ணில் புரை இருப்பது உனக்குத் தெரியும். செம்மண் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படத்தைப் பெரிதாக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளியின் படம் காலண்டர் மாதிரி. வானம் நீலம், புல் பச்சை, கல் பளபளப்பு. ஆனால் பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு நனைந்த சோப்பு மாதிரிக் கரைந்துபோகிறது. கறுப்பின் படத்தில் அழகு ஒன்றும் இல்லை. கல் கல்லாக இருந்தது. பாசி, விரிசல், உளி பட்ட இடம், அப்பாவின் பெயரில் 'ர'வுக்குள் போய்க்கொண்டிருந்த ஓர் எறும்பு, எல்லாம் இருந்தது. கறுப்புதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினால் மூலை முடுக்கெல்லாம் பார்த்து முடிப்பதுதான் என் வழக்கம். அந்தச் சிவப்பைப் பார்த்தேன். வெள்ளியின் படத்தில் அது செம்மண் கறைதான். கறுப்பின் படத்தில் அது 37. முப்பத்தேழைச் சுற்றி ஒரு வட்டம்.

பெயின்ட் அடித்தவனின் தவறாக இருக்கும் என்று நினைத்துத்தான் மத்தியாஸ் வீட்டுக்குப் போனேன். எங்கள் கல்லில் தவறாக வட்டம் போட்டிருக்கிறீர்கள், அழித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "ராகேலக்கா, அனில் எழுதித் தந்தாச்சே. உங்ககிட்ட சொல்லியிருப்பாருண்ணுல்லா நான் நெனச்சேன்" என்றார். கடிதத்தைக் காட்டினார். டைப் செய்தது. கீழே வால் நீட்டிய உன் கையெழுத்து. அந்த வாலைச் சுருக்கு என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தேதி ஜனவரி நான்கு. நீ என்னிடம் போட்டோ கேட்டதற்கு இரண்டு நாள் முன்னால்.

அதில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். 'எங்கள் குடும்பத்தில் இனி அங்கே அடக்கம் செய்யப்பட யாரும் இல்லை. கல்லின் புகைப்படம் ஒன்று எங்களுக்குப் போதும்.'

இரண்டு முறை படித்தேன். பிறகு மத்தியாஸிடம், "நான் எப்பம் செத்தேன் மத்தியாசு?" என்று கேட்டேன். "ஐயோ அக்கா, அப்படிச் சொல்லாதீங்க" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டு வந்தாள். நான் குடிக்கவில்லை. என் மறுப்பை நானே எழுதித் தருகிறேன் என்றேன். "தீர்மானத்துல வாரிசுண்ணா மூத்த மகன்தான் அக்கா. பெஞ்சாதியப் பத்தி ஒண்ணும் போடல்ல" என்றார். முப்பத்தைந்து வருடம் உன் அப்பாவோடு குடும்பம் நடத்தியவளைப் பற்றி அவர்கள் ஒன்றும் போடவில்லை. நீயும் போடவில்லை.

அந்தப் படம் அப்பாவுக்காக என்று நினைத்தேன் அனில். எழுத்து தெளிவாக இருக்கவேண்டும் என்று நீ சொன்னதற்காக, இரண்டு பஸ் மாறிப் போய், நல்லது எது என்று பார்த்து, தரையில் படுத்து எடுத்தேன். கல்லை எடுத்துவிட்டால் கையில் என்ன இருக்கவேண்டும் என்று நீ கணக்குப் பார்த்திருக்கிறாய். அதை எடுத்துத் தர என்னையே அனுப்பியிருக்கிறாய்.

நீ என்னைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும், வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் தருவாய் என்றும் சுஜி சொல்கிறாள். என்னிடம் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கே நான் இறந்தால் புதைப்பீர்களா, எரிப்பீர்களா? அதையும் யாரிடமாவது எழுதிக் கொடுத்தாயிற்று என்றால் சொல்லிவிடு. எனக்கு ஒரு கேமராவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இன்னொரு தடவை வரவேண்டாம்.

வெள்ளி நிறக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கறுப்பு என்னிடம் இருக்கிறது. ஷாஜனிடம் கொடுத்துப் பிரிண்ட் போட்ட இரண்டு படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளி எடுத்தது உனக்குப் பிடிக்கும். அதில் வட்டம் தெரியாது, வானம் நீலமாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். சுவரில் மாட்டுவதற்கு அதுதான் சரி. கறுப்பு எடுத்ததை வெளிச்சத்தில் வைத்துப் பார். வலது பாதியில் ஒன்றும் எழுதவில்லை என்பதும் அதில் தெளிவாகத் தெரியும்.

கமிட்டி மார்ச் 22ஆம் தேதி கூடுகிறது. அதற்கு முன்னால் உன் மறுப்பு எழுத்தில் வந்து சேர்ந்தால் வட்டத்தை அழித்துவிடலாம் என்று மத்தியாஸ் சொல்கிறார். வராவிட்டால் ஈஸ்டர் கழிந்து கல்லைக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் இறக்கிவிடுவார்களாம். பாதி எழுதின கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மற்றபடி சுகம். கண் ஆபரேஷனை ஈஸ்டர் வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறேன். முற்றத்து வருக்கைப் பலாவில் இந்த வருடம் நிறையக் காய் பிடித்திருக்கிறது. உன் மனைவி பிரீனாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? ஆவி பிடிக்கச் சொல். பிள்ளைகள் இருவருக்கும் என் முத்தம். கர்த்தர் உன் வீட்டையும் உன் கையின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. நாளை உன் பிள்ளைகள் உன்னைப் பற்றி எதையாவது எழுதிக் கொடுக்கும் முன்னால், உன்னிடம் வந்து கேட்கும்படி அவர்களுக்கு நல்ல மனதைத் தருவாராக.

போனில் கூப்பிடாதே. வாய்ஸ் மெசேஜும் அனுப்பாதே; கேட்டு முடித்தால் அதில் என் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சுஜியிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். வந்த கடிதத்துக்கு மூன்று நாளில் பதில் எழுதவேண்டும் என்று கான்வென்டில் எங்களைப் பழக்கினார்கள். உனக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். முடியும் என்றாலும் முடியாது என்றாலும் சரி. கமிட்டிக்கு எழுதினாய் அல்லவா, எனக்கும் எழுது. உன் கையால் எழுதி, தபாலில் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ராகேல் ரசலையன்