சிவப்பு கார் ஒழுகியதற்கு யார் காரணம்

மச்சி, பெரிய நியூஸ்டா, உன் முதலாளி வீட்டுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இன்னிக்குக் காலைல நான் ஓட்டினேன், நானே, ஸ்டியரிங் புடிச்சு, ரயில்வே கேட் வரைக்கும்!

காரை விற்கப் போகிறார்களாம். நீயும் நானும் ஆரம்பித்த கார் பேஜில் போட வீடியோ எடுத்துத் தரச் சொல்லி முதலாளியே கூப்பிட்டார். கிளம்பும் முன், எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் அளவைப் பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தேன். குப்பென்று அந்த இனிப்பு வாசனை. வெல்லப்பாகில் பெயின்ட் கலந்த மாதிரி என்று நீ சொல்வாயே, அதேதான். மஞ்சள் காமாலையில் நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. மூடியைத் திரும்பப் போட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். "பாத்துப்பா. உன் கூட்டாளி மாதிரி முன்னாடி கம்பி கிம்பி கட்டி வெச்சிடாதே. நல்ல பையன்தான், இன்னா பண்றது, கொஞ்சம் அசால்ட்டு."

இதையே உன்னை எடுத்த அன்றைக்கும் சொன்னார். உன் வீட்டு வாசலில், பத்துப் பேர் நடுவில், உன் அம்மா காதுபட. நான் கையில் மாலையோடு நின்றிருந்தேன். அதை உன்மேல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நம் பேஜில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் முழுக்கச் சொல்கிறேன்.

அப்போது கார் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பட்டுக் கடை முதலாளியிடம் நீ டிரைவர். சின்ன காஞ்சிபுரத்தில் அந்தக் காரை ஓட்டுவது என்றால் சும்மாவா? காலையில் தெரு நீளத்துக்குத் தறி நூலை இழுத்துக் கட்டிப் பாவு நீட்டியிருந்தால் அதைச் சுருட்டும் வரை கார் காத்திருக்க வேண்டும். வேகத்தடை வந்தால் அடிப்பக்கம் இடிக்கும். நீ சீட்டுக்குப் பின்னால் இரண்டு பலகை வைத்திருந்தாய். நான் இறங்கிப் போட வேண்டும், நீ அதன்மேல் அங்குலம் அங்குலமாக ஏற்றுவாய். பாவு சுருட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "இன்னாப்பா, மாப்பிள்ளைக்குப் பாய் விரிக்கிறியா?" நீ கண்ணாடியை இறக்கி, "ஆமாண்ணா, ஆரத்தி எடுக்க ஆள் இல்ல, நீ வர்றியா?" என்றாய். தெருவே சிரித்தது.

அமாவாசைக்கு அமாவாசை முதலாளியம்மா காருக்குத் திருஷ்டி கட்டுவார். இரும்புக் கம்பியில் எலுமிச்சை, மிளகாய், நடுவில் படிகாரம். மற்ற வண்டிகளில் அழகாகத் தொங்கும். இந்தக் கார் உயரமே இல்லாதது, எலுமிச்சை ரோட்டில் உரசி நசுங்கியது. அன்றைக்கு நான் வீடியோ எடுக்க வந்திருந்தேன். நசுங்கிய எலுமிச்சையோடு எடுத்தால் அசிங்கமாக இருக்கும் என்று, கட்டிங் பிளேயரால் கம்பியை வளைத்து, முன்பக்க வலைக்குள் நன்றாக அழுத்திச் செருகினேன். "உள்ள ரேடியேட்டர் இருக்குதுடா, பாத்து" என்று நீ சொன்னாய். "எனக்கே சொல்றியா? இந்த மாடலைப் பத்தி எத்தனை வீடியோ பாத்திருப்பேன்!" என்றேன்.

பத்து நாள் கழித்து ஷெட் தரையில் ஈரம். முதலாளி ஏசி தண்ணீர் என்றார். ஏசி தண்ணீருக்கு நிறம் கிடையாது, இது ரோஸ் கலர். விரலில் தொட்டுத் தேய்த்தேன், பிசுபிசுத்தது, இனிப்பு வாசனை. கூலன்ட்! கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். இருவரும் மல்லாந்து படுத்து, செல்போன் லைட் அடித்துப் பார்த்தோம். வலைக்குப் பின்னால், ரேடியேட்டரில் குத்திய கம்பி முனையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. வண்டி ஓடிய ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்திருக்கிறது. நான் செருகிய கம்பி. நீ என்னைப் பார்த்தாய். நான் லைட்டை அணைத்தேன்.

சென்னையிலிருந்து மெக்கானிக் வந்தார். "ரேடியேட்டரே மாத்தணும். இது வாரண்டில வராது. யாருங்க இங்க கம்பியைக் குத்துனது?"

"நான்தான் சார்" என்றாய். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

முதலாளி கத்தவில்லை. சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து உனக்குச் சரக்கு வேன். தறி வீடுகளுக்கு நூல் கொண்டுபோய், நெய்த சேலையை வாங்கி வரும் வேலை. ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று டீக்கடையில் கேட்டேன். "உன்னைச் சொல்லியிருந்தா கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க, அப்புறம் வீடியோ எங்க எடுப்பே? நான் டிரைவருடா, எனக்கு வேற வண்டி குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு வடையைப் பிய்த்தாய். எனக்கும் அது அப்போது சரியாகத்தான் பட்டது. அதுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காரை நீ திரும்ப ஓட்டவே இல்லை. ஒருநாள் நான் உன்னோடு வேனில் போகும்போது எதிரில் புது டிரைவர் அதை வேகத்தடையில் அப்படியே ஏற்றினான். 'டர்ர்' என்று உரசும் சத்தம். நீ வேனை நிறுத்தி, "டேய், பலகை போடலடா அவன்" என்றாய். வீட்டுக் குழந்தை விழுந்ததைப் பார்த்த முகம்.

இன்று காலை ஓட்டி முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்: "சார், அந்தக் கம்பியைச் செருகினது நான். அவன் இல்ல."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அட வுடுப்பா. ஆளே போயிட்டான், வண்டியும் போவுது. இப்ப எதுக்கு அது? வீடியோ எப்ப குடுப்பே?"

இவ்வளவுதான். அவரிடம் சொன்னால் மனசுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், இறங்கவில்லை. அவருக்கு அது ஒரு ரேடியேட்டர். உன் அம்மாவுக்கு அப்படி இல்லை. போன பொங்கலுக்குப் போனபோதுகூட, "வேலையில கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்பா என் பையன்" என்று சொல்லிக்கொண்டே காபியை நீட்டினார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

உன்னளவு கவனமாக வண்டி ஓட்டிய ஒருவனை நான் இதுவரை பார்க்கவில்லை, மச்சி. எந்தக் கார் நின்றாலும் இப்போது நான் முதலில் குனிந்து தரையைத்தான் பார்க்கிறேன். பிராண்டு, குதிரைத்திறன் எல்லாம் அப்புறம்தான்.

பேஜில் இருக்கும் எல்லோருக்கும்: வருகிற ஞாயிறு காலை திருப்பருத்திக்குன்றம் ரோட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போகிறேன். பத்துப் பேர் நடுவில் அவன்மேல் விழுந்த பேச்சு, தனியாகப் போய்க் காதில் சொன்னால் போகாது. அவன் வேனில் நூல் வாங்கியவர்கள், சேலை ஏற்றிவிட்டவர்கள், தெருவில் அவனோடு சிரித்தவர்கள், தயவுசெய்து வாங்க. வர முடியாதவர்கள் அவன் வண்டி ஓட்டியது எப்படி என்று கீழே ஒரு வரி எழுதுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். பட்டுக் கடைப் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கடை குரூப்பிலும் போட்டுவிடுங்கள். கம்பியைச் செருகியவன் பெயர் கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.